பேஸ் கிடார் இரைச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த சில வாரங்களாகப் பெங்களூருவின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை. எலெக்ட்ரிக் பேஸ் கிடாரை ஆம்பிளிஃபயரில் செருகியதும் எழும் இரைச்சலை எப்படி ஒழிப்பது என்று தேவாலயங்களில் வாசிப்பவர்களும் மெல்லிசைக் குழுவினரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். பதில்களில் 'கிரவுண்டு' என்று எழுதும் இடங்களில் கருவிக்குள் இருக்கும் பொது இணைப்பையும், 'எர்த்' என்று எழுதும் இடங்களில் சுவர் பிளக்கின் மூன்றாவது முனையையும் குறிக்கிறேன். இரண்டும் ஆம்பிளிஃபயரின் உலோகப் பெட்டியில்தான் சந்திக்கின்றன என்றாலும், அவற்றின் வேலை வேறு.

கேள்வி: லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ்த் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைகளில் பேஸ் வாசிக்கிறேன். என்னுடையது ஜாஸ் பேஸ் வகை, பேட்டரி இல்லாதது. தந்திகளைத் தொட்டால் இரைச்சல் பெருமளவு குறைகிறது, கையை எடுத்தால் கூடிவிடுகிறது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தால், தொட்டாலும் தொடாவிட்டாலும் 'உம்' என்ற ஒலி அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே முழுவதும் காப்பர் டேப் ஒட்டிவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? சரியென்றால் எப்படி ஒட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. உங்கள் கருவியில் இரண்டு தனித்தனி இரைச்சல்கள் கலந்து ஒலிக்கின்றன. ஒன்றைக் காப்பர் டேப் தடுக்கும், மற்றொன்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டேப் ஒட்டி முடித்தபின் ஏமாற்றமடைகிற பலரும், இந்த இரண்டையும் முதலிலேயே காதால் பிரித்தறிந்திருந்தால் வீண் அலைச்சலைத் தவிர்த்திருப்பார்கள். எனவே முதலில் எது எது என்று பார்ப்போம்.

ஒரே பிக்கப்பில் கேட்கும் அந்த ஆழ்ந்த 'உம்' காந்தப்புலத்தால் வருவது. காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய செப்பு ஒயரைப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றியதுதான் பிக்கப். தந்தி அசையும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை மின்சாரமாக்குவது அதன் வேலை என்பதால், ஆம்பிளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் மோட்டாரிலிருந்தும் வரும் புலத்தையும் அது பாகுபாடு பார்க்காமல் மின்சாரமாக்கிவிடுகிறது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ஒலி 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அமையும். பேஸ் வாசிப்பவருக்கு இது குறிப்பாகத் தொல்லையான இடம். ஈ தந்தியின் மூன்றாம் கட்டில் (ஃப்ரெட்டில்) பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். இரைச்சலின் 50-உம் 100-உம் அவற்றை ஒட்டியே நிற்பதால், அந்தச் சுரங்களை நீட்டிப் பிடிக்கும்போது ஒலி விநாடிக்கு ஓரிரு முறை தள்ளாடுவது போலக் கேட்கும். ஈக்வலைசரில் அந்தப் பகுதியைக் குறைத்தால் இரைச்சலோடு சேர்ந்து உங்கள் ஜி சுரமும் மெலிந்துபோகும். ஆகவே ஈக்வலைசரை இதற்கு மருந்தாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைக் கண்டறிவது எளிது. வாசிக்கும் இடத்திலேயே நின்று, ஒரு பிக்கப்பை மட்டும் முழுதாகத் திறந்து, தந்திகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கருவியோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றித் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் 'உம்' தணிந்து, அதிலிருந்து விலகத் திரும்பும்போது மீண்டும் கூடினால், அது காந்தப்புலத்தின் வேலைதான். மெல்லிய செப்பு இதைத் தடுப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் புலம் செப்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் சென்ற பிறகே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கடையில் கிடைக்கும் டேப்பின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இருப்பதில்லை.

இதற்கான தீர்வு பிக்கப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒரே காயில் (ஒயர்ச் சுற்று) கொண்ட பிக்கப் இருந்தது. 1957-இல் அதை இரு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைக் கவனிக்குமாறு வைத்தார்கள். இரு துண்டுகளின் காந்தத் துருவமும் சுற்றும் திசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வெளியிலிருந்து வரும் புலம் இரண்டிலும் எதிரெதிராகப் பதிவாகி அழிந்துவிடும், தந்தியின் ஒலியோ அழியாமல் வெளிவரும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் வகையிலும் இரண்டு பிக்கப்புகளும் பொதுவாக இப்படி எதிரெதிராகவே சுற்றப்படுகின்றன. இரண்டு வால்யூம்களையும் முழுதாகத் திறந்து பாருங்கள்; 'உம்' கிட்டத்தட்ட காணாமல் போக வேண்டும். ஒன்றைச் சற்றே குறைத்தாலும் சமநிலை குலைந்து ஒலி மெல்லத் திரும்பும். ஆராதனையில் பெரும்பாலும் இரண்டையும் திறந்து வாசிக்க முடியுமானால் செலவே இல்லை. பிரிட்ஜ் பிக்கப்பின் தனி ஒலிதான் வேண்டும் என்றால், ஒரே கூட்டுக்குள் இரண்டு காயில்களை வைத்துச் செய்யப்படும், ஹம் (அதே 'உம்' ஒலி) இல்லாத வகை ஜாஸ் பிக்கப்புகளைப் பொருத்துவதே நேரான வழி. அதுவரை ஆம்பிளிஃபயரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நிற்பதே நல்ல பலன் தரும்.

இனி மற்றொரு இரைச்சல். தந்தியைத் தொட்டால் குறைந்து, கையை எடுத்தால் கூடும் அந்தக் கரகரப்பு மின்புலத்தால் வருவது. குழல் விளக்கு, எல்.இ.டி. விளக்கின் டிரைவர், விளக்கு மங்கலாக்கும் டிம்மர், சுவருக்குள் ஓடும் ஒயர் ஆகியவற்றின் மின்புலத்தை உங்கள் உடல் வாங்கி, அருகிலிருக்கும் பிக்கப்புக்கும் உள் ஒயர்களுக்கும் கடத்துகிறது. தந்திகள், அவற்றின் அடிமுனையைத் தாங்கும் உலோகப் பாகமான பிரிட்ஜ் வழியாகக் கிரவுண்டோடு இணைந்திருப்பதால், தொட்டவுடன் உங்கள் உடலும் கிரவுண்டோடு சேர்ந்து அந்தக் கடத்தல் நின்றுவிடுகிறது. தொட்டால் குறைகிறது என்பது உங்கள் பிரிட்ஜ் ஒயர் (பிரிட்ஜைக் கிரவுண்டோடு சேர்க்கும் ஒயர்) நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்று. இந்த இரைச்சலைத்தான் காப்பர் டேப் தடுக்கும், அதுவும் நன்றாகவே தடுக்கும்.

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆம்பிளிஃபயரில் எதையும் செருகாமல் கேளுங்கள். பிறகு கேபிளை மட்டும் செருகி, அதன் மறுமுனையில் பிளக்கின் நுனியையும் தண்டையும் ஒரு சிறு ஒயரால் சேர்த்துப் பிடித்துக் கேளுங்கள். இந்த இரண்டு நிலையிலும் அமைதி இருந்தால்தான் குற்றம் கருவியில் என்று பொருள். கருவியின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்ப்பது ஜாஸ் பேஸில் நம்பகமான சோதனை அன்று. அதில் பிக்கப்புகள் வழக்கமாக வால்யூம் கண்ட்ரோலின் நடுக் காலில் இணைக்கப்படுவதால், இரண்டையும் பூஜ்யத்தில் வைத்தாலும் வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 250 கிலோ ஓம் கண்ட்ரோல்களும் பக்கவாட்டில் சேர்ந்து 125 கிலோ ஓம் நிற்கும், அதனால் சற்று இரைச்சல் எஞ்சியிருக்கும்.

ஒட்டும் முறைக்கு வருவோம். எஸ்.பி. ரோடு கடைகளில் 50 மில்லிமீட்டர் அகலத்தில் காப்பர் டேப் கேளுங்கள், அதன் பசையும் மின்சாரத்தைக் கடத்தும் வகையா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் ஆம் என்று சொன்னாலும், இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மல்டிமீட்டரால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அளந்து பார்த்துவிடுங்கள். கடத்தாத பசையாக இருந்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சொட்டு சால்டர் வைத்தாக வேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் சால்டர் எளிதில் ஒட்டாது என்பதால் அதை நான் விரும்புவதில்லை.

தந்திகளைத் தளர்த்தி, கண்ட்ரோல் தகட்டைக் கழற்றும் முன் ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்று பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கண்ட்ரோல்கள் அமர்ந்திருக்கும் குடைவின் அடிப்பகுதிக்கு முதலில் ஒரு துண்டு, பிறகு பக்கச் சுவர்களுக்குத் துண்டுகள்; ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் அரை சென்டிமீட்டராவது ஏறி நிற்கட்டும். மூலைகளைக் கரண்டியின் முதுகால் தேய்த்துப் படிய வையுங்கள். டேப்பின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது, விரல் கவனம். மிக முக்கியமான இடம் குடைவின் உதடு. அங்கே டேப்பைச் சற்று வெளியே மடித்து, கண்ட்ரோல் தகட்டின் திருகுத் துளை வரை கொண்டுவர வேண்டும். அப்போதுதான் திருகை முடுக்கியதும் உலோகத் தகடு டேப்பின் மேல் அழுந்தி, பெட்டிக்கு மூடி போட்டதுபோல் எல்லாப் பக்கமும் அடைபடும். பிளாஸ்டிக் பிக்கார்டு (தந்திகளுக்குக் கீழே கருவியின் முகப்பை மூடும் தகடு) உள்ள கருவியில் அதன் அடிப்பக்கத்திலும் டேப் ஒட்ட வேண்டும்.

உங்கள் பேஸில் பிக்கப்புகளின் குடைவுகள் தனித்தனியாக இருக்கும். டேப் ஒட்டிய ஒவ்வொரு குடைவிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயரைச் சால்டர் செய்து, பிக்கப் ஒயர்கள் செல்லும் அதே துளை வழியாகக் கண்ட்ரோல் குடைவுக்குக் கொண்டுவந்து கிரவுண்டில் சேருங்கள். கிரவுண்டில் சேராத செப்பு பயனற்றது, சில நேரங்களில் இரைச்சலைக் கூட்டவும் செய்யும். முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் (கேபிளைச் செருகும் பாகத்தின்) கிரவுண்டுக் காலிலும் மற்றொன்றை ஒவ்வொரு குடைவின் செப்பிலும், பிரிட்ஜிலும், நான்கு தந்திகளிலும் வைத்துப் பாருங்கள். எங்கும் ஓர் ஓம் அளவுக்கு மேல் காட்டக் கூடாது.

கருவிக்குள் கிரவுண்டு ஒயர்கள் வட்டமாகச் சுற்றி வந்தால் அதனாலேயே ஹம் வரும் என்று அஞ்சி, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும் என்று பலர் வற்புறுத்துகிறார்கள். இவ்வளவு சிறிய குடைவுக்குள் அது பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை. ஒரு கிரவுண்டு இணைப்பு விட்டுப்போவதுதான் உண்மையான ஆபத்து. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் சால்டர் வைக்கும்போது அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் அல்லது அதற்குமேல் உள்ள அயர்னால் விரைவாக முடியுங்கள். 25 வாட் அயர்னை நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் சால்டர் சரியாகப் பிடிக்காது, உள்ளே இருக்கும் கரித்தடமும் கெட்டுப்போகும்.

கேள்வி: என் பேஸில் ஜாக் தளர்ந்துபோனதால் புதிதாக மாற்றினேன். ஜாக் கருவியின் பக்கவாட்டில், மரத்தில் பொருத்தப்பட்டது. அதற்குப் பிறகு தந்தியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது. தொடாதபோதே குறைவாக இருக்கிறது. எல்லோரும் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?
– ஒரு வாசகர், சிவாஜிநகர்

பதில்: ஜாக்கின் இரண்டு கால்களில் ஒயர்களை மாற்றி வைத்துவிட்டீர்கள். தந்திகள் இப்போது ஆம்பிளிஃபயரின் கிரவுண்டுக்குப் பதிலாக அதன் உள்ளீட்டோடு இணைந்திருப்பதால், நீங்கள் தொடும்போது உங்கள் உடல் திரட்டிய இரைச்சல் முழுவதும் நேராக உள்ளே போகிறது. ஜாக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளக்கின் நுனியைக் கவ்வும் நீண்ட வளைந்த நாக்கு எந்தக் காலோடு சேர்ந்திருக்கிறதோ அதில் சிக்னல் ஒயரும், நட்டு முடுக்கும் வளையத்தோடு சேர்ந்த காலில் கிரவுண்டும் வர வேண்டும். கேபிளைச் செருகி, வெளிமுனையின் தண்டிலிருந்து தந்திக்கு அளந்தால் ஓம் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சரியான நிலை. வால்யூம் திறந்திருக்கும்போது சில ஆயிரம் ஓம் காட்டினால் ஒயர்கள் மாறியிருப்பது உறுதி, ஏனெனில் நீங்கள் அளப்பது பிக்கப்பின் காயிலை.

ஜாக் மரத்தில் இருந்ததால்தான் உங்களுக்கு ஒலியாவது வந்தது. கண்ட்ரோல்களும் ஜாக்கும் ஒரே உலோகத் தகட்டில் அமைந்த கருவியில் இதே தவறு நேர்ந்திருந்தால், சிக்னல் தகட்டின் வழியாகக் கிரவுண்டில் விழுந்து கருவி ஊமையாகியிருக்கும்.

கேள்வி: அல்சூரில் ஆடித் திருவிழா மேடைகளில் எங்கள் மெல்லிசைக் குழு வாசிக்கிறது. நான் பேஸ் வாசித்துக்கொண்டே கோரஸ் பாடுகிறேன். ஒரு மேடையில் ஹம் அதிகமாக இருந்ததால், சவுண்டு சர்வீஸ்காரர் என் ஆம்பிளிஃபயரின் பிளக்கை மூன்று முனையிலிருந்து இரண்டு முனையாக மாற்றும் அடாப்டரில் செருகினார். ஹம் நின்றுவிட்டது. ஆனால் மைக்கை உதடு தொட்டால் சுரீர் என்கிறது. இதற்குக் கருவியில் ஏதாவது மாற்றம் செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: கருவியில் எதையும் மாற்ற வேண்டாம். அந்த அடாப்டரை எறிந்துவிட்டு, எர்த் முனை சேராத ஆம்பிளிஃபயரில் இனி ஒருபோதும் வாசிக்காதீர்கள். மற்ற எல்லாக் கடிதங்களையும் விட உங்கள் கடிதத்திற்குத்தான் நான் உடனே பதில் எழுத விரும்பினேன்.

உங்கள் தந்திகள் கேபிளின் வழியாக ஆம்பிளிஃபயரின் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கின்றன. எர்த் முனை இருக்கும்வரை, உள்ளே லைவ் ஒயர் தற்செயலாகப் பெட்டியைத் தொட்டாலும் மின்சாரம் எர்த்தில் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாதபோது பெட்டியும் நான்கு தந்திகளும் அதே வோல்டேஜில் நிற்கும். மைக்கோ மிக்சர் வழியாக எர்த்தில் சேர்ந்திருக்கிறது. இடது கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது, இடையில் இருப்பது உங்கள் மார்பு. இப்போது நீங்கள் உணரும் 'சுரீர்', பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரமாக இருக்கலாம். ஆனால் அது சிறியதா பெரியதா என்று உதட்டால் சோதித்துப் பார்ப்பதற்கில்லை. 1972-இல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்ஸி நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார்.

அடாப்டர் போட்டதும் ஹம் நின்றதற்குக் காரணம் உண்டு. ஆம்பிளிஃபயருக்குச் சுவரிலிருந்து ஓர் எர்த்தும், மிக்சருக்குச் செல்லும் கேபிளின் கவசம் வழியாக மற்றோர் எர்த்தும் கிடைத்து, இரண்டுக்கும் இடையே மின்சாரம் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டியது கேபிளின் கவசத்தை, சுவர் எர்த்தை அல்ல. ஆம்பிளிஃபயருக்கும் மிக்சருக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை வைத்து, அதில் 'கிரவுண்டு லிஃப்ட்' என்று குறிக்கப்பட்ட ஸ்விட்சைத் தள்ளினால், மிக்சருக்குச் செல்லும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். இணைப்பில், கவசம் சேரும் முதல் பின் துண்டிக்கப்பட்டு ஹம் நிற்கும், பாதுகாப்பும் குலையாது. மேடையிலுள்ள ஆம்பிளிஃபயர்களுக்கும் மிக்சருக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் அதற்கும்கூடத் தேவை இருக்காது. சீரியல் செட்டுக்கும் டிம்மர் விளக்குகளுக்கும் தனி லைன் கேளுங்கள்.

மேடை ஏறியதும் சாக்கெட்டை மல்டிமீட்டரால் அளந்து பார்க்கும் பழக்கம் குழுவில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். மீட்டரை ஏ.சி. வோல்ட் பகுதியின் உயர்ந்த அளவில் வைத்து, லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சில வோல்ட் மட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். லைவிலிருந்து எர்த்துக்கு வரும் எண் மிகக் குறைவாகவோ நிலையில்லாமலோ இருந்தால், அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை. திருவிழாக்களில் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வரும்போது, எர்த் கம்பியை மண்ணில் அடித்திருக்கிறார்களா என்று நேரில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். கடைசியாக, பாடுவதற்கு முன் மீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மற்றொன்றை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சரிசெய்யும்வரை கருவியைத் தொடாதீர்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று முடிவு செய்யக் கூடாது. குழு தனக்கென்று ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்திய எக்ஸ்டென்ஷன் போர்டு செய்து வைத்துக்கொள்வது, புதிய ஸ்பீக்கர் வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய செலவு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: காப்பர் டேப் ஒட்டி முடித்தேன். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது ஒலி நன்றாக வந்தது. திருகுகளை முடுக்கியதும் ஒலியே இல்லை.
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: சிக்னல் ஒயர் செல்லும் ஏதோ ஓர் இடம் செப்பைத் தொடுகிறது. முதலில் ஜாக்கைச் சந்தேகியுங்கள். பிளக்கைச் செருகும்போது அதன் நாக்கு வெளிப்பக்கமாக விரிந்து குடைவின் சுவரைத் தொடும்; பிளக் இல்லாமல் பார்த்தால் இடைவெளி இருப்பதுபோலவே தெரியும். அதனால் பிளக்கைச் செருகியபடியே பாருங்கள். அடுத்து, பிக்கப்பின் அடியில் ஒயர்கள் சால்டர் செய்யப்பட்டிருக்கும் இரண்டு கண்கள் குடைவின் அடிச் செப்பில் அழுந்துகின்றனவா என்று பாருங்கள். இந்த இரண்டு இடங்களிலும் செப்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும், செப்பைப் பிய்க்க வேண்டியதில்லை.

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்பில் பேஸ் பதிவு செய்கிறேன். பேஸில் ஷீல்டிங் (உள்ளே ஒட்டும் செப்புக் கவசம்) நன்றாக இருக்கிறது. ஆனாலும் சில நேரங்களில் கீச்சென்ற இரைச்சலும், மின்சாரம் போய் யு.பி.எஸ். ஓடும்போது கடுமையான கரகரப்பும் வருகின்றன.
– ஒரு வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். கீச்சொலி நின்றால் அது சார்ஜரிலிருந்து யு.எஸ்.பி. கேபிள் வழியாக வருகிறது. எர்த் முனை உள்ள சார்ஜரை, எர்த் உள்ள சாக்கெட்டில், இன்டர்ஃபேஸுக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கும் மின்சாரம் தரும் அதே போர்டில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து முடிக்கும் நேரத்துக்கு பேட்டரியில் ஓட்டுவதே எளிய வழி.

யு.பி.எஸ். பற்றி: விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது தூய சைன் அலை அன்று, படிப்படியாக வெட்டப்பட்ட அலை. அதில் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகள் வலுவாக இருப்பதால், வழக்கமான 'உம்'முக்குப் பதில் கூர்மையான கரகரப்பு கேட்கும். சைன் அலை தரும் இன்வெர்ட்டர் இருந்தால் இது பெருமளவு இருக்காது. வாடகை வீட்டில் அதை மாற்ற முடியாதென்றால், மின்சாரம் திரும்பும்வரை காத்திருப்பது நல்லது. மின்விசிறியின் ரெகுலேட்டரையும் பாருங்கள். தொடர்ச்சியாகத் திருகும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் அலையை ஒவ்வொரு சுழற்சியிலும் வெட்டியே வேகத்தைக் குறைக்கின்றன. ஒன்று, இரண்டு என்று படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர்கள் அப்படி வெட்டுவதில்லை. பதிவின்போது விசிறியை நிறுத்திப் பார்த்து, இரைச்சல் குறைந்தால் ரெகுலேட்டரை மட்டும் மாற்றுங்கள். அது அதிகச் செலவு வைக்காது, வீட்டுக்காரரும் மறுக்க மாட்டார்.

கேள்வி: என்னுடையது ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ். அண்மையில் கறுப்பு நைலான் சுற்றிய தந்திகளை மாட்டினேன். அதுவரை இல்லாத மெல்லிய இரைச்சல் இப்போது எப்போதும் இருக்கிறது. தந்தியைத் தொட்டாலும் மாற்றம் இல்லை. பிரிட்ஜ் ஒயர் அறுந்துவிட்டதா?
– ஒரு வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு. நைலான் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், உங்கள் விரல் தந்தியைத் தொட்டாலும் உள்ளிருக்கும் உலோகத்தைத் தொடுவதில்லை, ஆகவே உடல் கிரவுண்டோடு சேர்வதில்லை. பிரிட்ஜின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் ஒயர் நலமாக இருக்கிறது. இப்போது உங்களுக்கு உதவக்கூடியது முதல் பதிலில் சொன்ன காப்பர் டேப்தான். உடலிலிருந்து வரும் மின்புலம் உள்ளே நுழையாதபடி குடைவுகள் அடைபட்டிருந்தால், தந்தியின் துணை தேவைப்படாது. இ.எம்.ஜி. போன்ற சில ஆக்டிவ் பிக்கப்புகளில் காயில்கள் உள்ளேயே கவசமிடப்பட்டிருப்பதால், பிரிட்ஜ் ஒயரே வேண்டாம் என்று அவற்றின் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். உங்கள் பிக்கப் எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கருவியைத் திறக்கும்போது ஜாக்கில் மூன்று கால்கள் இருப்பதைக் காண்பீர்கள். அவற்றில் ஒன்றில் பேட்டரியின் கறுப்பு ஒயர் சேர்ந்திருக்கும். பிளக்கைச் செருகும்போது மட்டும் அது கிரவுண்டோடு இணைந்து பேட்டரி வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். செப்பு அந்தக் காலைத் தொட்டுவிட்டால் ஒலியில் எந்தக் குறையும் தெரியாது, ஆனால் கருவியைப் பையில் வைத்திருக்கும்போதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். டேப் ஒட்டியபின், பிளக் செருகாத நிலையில் அந்தக் காலுக்கும் செப்புக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மீட்டரால் உறுதி செய்துகொண்டு மூடியைப் போடுங்கள்.